கணக்கெடாமல் செய்வது

அன்புள்ள அண்ணா,

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் இருந்து செய்தி எழுதுகிறேன். ஒற்றை நைலோன் இழையால் பின்னிய, தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை வாவியில் பட்டப்பகலில் போடுகிறவர்களைப் பற்றி எழுதியபோது, 'சட்டத்தை அலட்சியம் செய்து' என்று போட்டேன். ஆசிரியர் அதை வெட்டி 'மீறி' என்று மாற்றிவிட்டார். அலட்சியம் என்பது என் அபிப்பிராயமாம். ஒளித்துச் செய்கிறவனும் மீறுகிறான், ஊர் பார்க்கச் செய்கிறவனும் மீறுகிறான். இரண்டாவது ஆளுக்குத் தமிழில் தனிச்சொல் இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ஆசிரியர் வெட்டியது சரி, சொன்ன காரணம்தான் பிழை. அலட்சியம் கவனக்குறைவுக்கும் வழங்கும் சொல். 'வைத்தியரின் அலட்சியத்தால்' என்று எழுதும்போது, அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நாம் சொல்வதில்லை. வலை போட்டவருக்குக் கவனம் குறையவில்லை. சட்டம் இருப்பதும் தெரியும், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரியும்.

மீறல் எல்லையை மட்டும் சொல்லும். குளத்து நீர் அளவு மீறும், காரியம் கைமீறும். அங்கே ஆளின் மனம் பற்றிய பேச்சே இல்லை. அத்துமீறல் இன்னும் கடுமையானது; அடுத்தவன் வளவுக்குள் கால் வைத்த உணர்ச்சி அதில் இருக்கிறது. புறக்கணிப்பைச் சட்டத்துக்குள் நின்றே செய்யலாம். உதாசீனம் வடமொழியில் ஒதுங்கி இருப்பதைக் குறித்தது. நம்மிடம் அது மனிதரை நோகவைக்கும் சொல்லாகிவிட்டது. தாயை உதாசீனம் செய்தான் என்றால் நெஞ்சில் படும், வலைச் சட்டத்தோடு அது ஒட்டாது. அவமதிப்பைத் தொடவே வேண்டாம். நீதிமன்ற அவமதிப்பு ஒரு குற்றத்தின் பெயர், அதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் தேடும் சொல் நம் வாயிலேயே இருக்கிறது: கணக்கெடாமல். "அவன் ஒருத்தரையும் கணக்கெடுக்கான் மகன்" என்று என் அம்மம்மா சொல்லும்போது கோபத்தைவிடக் கவலைதான் கூடுதலாகக் கேட்கும். ஒளித்துச் செய்கிறவன் சட்டத்தைக் கணக்கில் வைத்திருக்கிறான், அதனால்தான் இருட்டுக்குக் காத்திருக்கிறான். பகலில் போடுகிறவன் சட்டத்தையும் கணக்கெடுக்கவில்லை, அதைக் காக்க வேண்டியவரையும் கணக்கெடுக்கவில்லை. குஞ்சு மீன் வளரட்டும் என்று கண் பெரிய வலையோடு பக்கத்தில் நிற்கிற தோணிக்காரனையும் கணக்கெடுக்கவில்லை. அந்தத் தோணிக்காரனுக்காகத்தான் இந்தச் சொல்லை நான் விடமாட்டேன் என்கிறேன். எழுத்துநடைதான் வேண்டுமென்றால் 'சட்டை செய்யாமல்' என்று போடலாம், பொருள் கெடாது.

ஆனால் வெளிப்படையாகச் செய்வதெல்லாம் கணக்கெடாமை ஆகாது. 1961இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் நடைமுறைக்கு வருவதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் வந்தது. மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் வாசலை மறித்துச் சனம் இருந்தது. ஏப்ரலில் அந்தக் கட்சி சொந்தமாக முத்திரை வெளியிட்டு, யாழ்ப்பாணத்தில் அஞ்சல் சேவையே நடத்தியது. அஞ்சல் அரசுக்கு மட்டும் உரியது என்பதைத் தெரிந்தேதான், பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிச் செய்தார்கள். சில நாட்களில் அவசரகால நிலை வந்தது, தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். இதற்குப் பெயர் சட்டமறுப்பு. மறுக்கிறவர் சட்டத்தை முழுவதுமாகக் கணக்கெடுத்தவர், வரப்போகும் தண்டனை உட்பட. கச்சேரி வாசலில் இருந்தவருக்கும் தங்கூசி வலை போட்டவருக்கும் ஒரே 'மீறி'யைப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைவிட எனக்கு வேதனை தருவது, நம் செய்திகளில் தினமும் வரும் 'விதிமீறல் இடம்பெற்றுள்ளது' என்ற வசனம். மழை பெய்தது போல அது தானாக நடந்துவிடுகிறது. செய்தவர் இல்லை, பார்த்துக்கொண்டு நின்றவரும் இல்லை. அந்த வசனத்தை மட்டும் எழுதாதீர்கள் தங்கச்சி.

ஆசிரியரோடு ஒரு சொல்லுக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். 'மீறி' இருக்கட்டும். அதற்கு முன்னால் நேரத்தையும் தூரத்தையும் போடுங்கள்: 'காலை பத்து மணிக்கு, பொலிஸ் காவலரணில் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்.' அதை அபிப்பிராயம் என்று யாரும் வெட்ட முடியாது. பத்து மணி நான் உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் குறிப்பில் என்ன நேரம் இருக்கிறதோ அதை எழுதுங்கள்.