ஃபிட்ஸ் விதி என்றால் என்ன? செயலி வடிவமைப்பவருக்கு அது எதற்கு?

ஒரு பொத்தானைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணிக்கும் விதி இது. பொத்தான் தொலைவில் இருந்தால் நேரம் கூடும். சிறியதாக இருந்தாலும் கூடும். அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் இதை வகுத்தார். அப்போது தொடுதிரையே கிடையாது!

காரணம் நம் கையிலேயே இருக்கிறது. கை முதலில் வேகமாகப் பாய்கிறது. இலக்கை நெருங்கியதும் கண் பார்த்துப் பார்த்துத் திருத்த, வேகம் குறைகிறது. இலக்கு சிறுத்தால் திருத்தங்கள் பெருகும். பெங்களூரின் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது கவனியுங்கள்: ஆரத்தித் தட்டில் நாணயத்தைப் பார்க்காமலே போட்டுவிடுவோம், உண்டியலின் வாயருகே கை ஒரு கணம் தயங்கும்.

ஐபோனுக்கு 44 புள்ளி, ஆண்ட்ராய்டுக்கு 48 அலகு (இரண்டும் திரையில் நீளத்தைக் குறிக்கும் அளவைகள்) எனப் பொத்தானுக்குக் குறைந்தபட்ச அளவுகள் பரிந்துரைக்கப்பட்டிருப்பது இதனால்தான். இரண்டாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆனால் அளவுகோலை மட்டும் நம்பாதீர்கள். மாலை நெரிசலில் மெஜஸ்டிக் செல்லும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் உங்கள் செயலியை இயக்கிப் பாருங்கள். அலுவலக மேசையில் ஒருபோதும் தென்படாத பிழைகள் அங்கே தெரியும். என் வடிவமைப்புகளை நான் அப்படித்தான் சோதிக்கிறேன்.

எல்லாப் பொத்தான்களையும் பெரிதாக்கச் சொல்லும் விதி இது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அடிக்கடி தேவைப்படுவதைப் பெரிதாக்கி விரலருகே வைப்பதற்கும், ‘அழி’ போன்ற ஆபத்தான பொத்தானை வேண்டுமென்றே தள்ளி வைப்பதற்கும் இதே விதிதான் துணை.