பிரசவ செலவு: அம்மா பில் வேற, பாப்பா பில் வேற

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல ரொம்ப வருஷம் உக்காந்தவங்கறதால நிறைய பேர் பிரசவ செலவு பத்தியே கேக்குறீங்க. வந்ததுல அஞ்சு கேள்விக்கு மட்டும் இப்போ.

கல்யாணமாகி 4 மாசம் ஆச்சு, அடுத்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம். இப்ப மெட்டர்னிட்டி பாலிசி எடுத்தா கிடைக்குமா?

அடுத்த வருஷத்துக்குன்னா அனேகமா கஷ்டம்தான். நாமளா தனியா எடுக்குற பாலிசில மெட்டர்னிட்டிக்குன்னு வெயிட்டிங் பீரியட் (எடுத்தப்புறம் கிளைம் பண்ண காத்திருக்க வேண்டிய காலம்) இருக்கும், சிலதுல 9 மாசம், பலதுல 2 வருஷம், சிலதுல அதுக்கும் மேல போகுது. அதனால முதல்ல உங்க ரெண்டு பேர் ஆபீஸ்லயும் குரூப் பாலிசி இருக்கான்னு பாருங்க, அதுல நிறைய இடத்துல வெயிட்டிங்கே இருக்காது. ஆனா பிரசவத்துக்குன்னு தனி லிமிட் வச்சிருப்பாங்க, பாலிசி 5 லட்சம்னு இருக்கும், டெலிவரிக்கு 50,000தான்னு உள்ள ஒரு வரி இருக்கும். இன்னொன்னு, பிறந்த குழந்தைக்கு முதல் நாள்லேர்ந்து கவர் உண்டா, இல்ல 90 நாள் கழிச்சுத்தானான்னு கேளுங்க. எனக்கு அந்த 50,000-ஐ விட இதுதான் முக்கியம், ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

நார்மல்னா 60,000, சிசேரியன்னா 95,000 பேக்கேஜ்னு சொன்னாங்க. ஒரு லட்சம் கையில இருந்தா போதுமா?

மொதல்ல, நார்மல் கணக்கை மறந்துடுங்க. 2019-21 தேசிய குடும்பநல சர்வேல தமிழ்நாட்டுல தனியார் ஆஸ்பத்திரி பிரசவத்துல 63.8% சிசேரியன். அதனால 95,000-லேர்ந்துதான் கணக்கே ஆரம்பிக்கணும்.

அடுத்தது பேக்கேஜ்ல எது இல்லன்னு கேக்கணும். குழந்தை பிறந்ததும் கையில ஒரு பட்டை கட்டுவாங்க பாருங்க, அதுல பாப்பாவுக்கு பேர் இருக்காது, 'பேபி ஆஃப்'னு போட்டு அம்மா பேர் இருக்கும். குழந்தைக்கு வைத்தியம்னு வந்துட்டா அந்த பேர்ல தனி ஐபி நம்பர் (உள்நோயாளி நம்பர்), தனி பில் ஓட ஆரம்பிச்சுடும். குழந்தை டாக்டர் விசிட், தடுப்பூசி, மஞ்சள் காமாலைன்னு லைட்டுக்கு அடியில வச்சா அதுக்கு ஒரு நாள் ரேட், இதெல்லாம் பேக்கேஜ்ல வராம இருக்கலாம். குறைமாசத்துல பிறந்து என்ஐசியு (பச்சிளம் குழந்தைக்கான ஐசியு) போச்சுன்னா நாள் கணக்குல ஏறும், வாரக்கணக்குல இருக்க வேண்டி வந்தா அம்மா பில்லை சாதாரணமா தாண்டிடும். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ரெண்டு பில் கவர் கையில வாங்கி, எது யாருதுன்னே புரியாம நின்ன அப்பாக்களை நிறைய பாத்திருக்கேன்.

அதனால எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்க, மயக்க டாக்டர் ஃபீஸ் உள்ளயா வெளியவா, ஒரு நாள் கூட தங்குனா எவ்ளோ, என்ஐசியு ஒரு நாளைக்கு எவ்ளோ, இந்த மூணையும் வாய்விட்டு கேளுங்க. என் கணக்குக்கு சிசேரியன் ரேட்டை போல ரெண்டு மடங்கு எடுத்து வைக்கலாம். செலவாகலைன்னா குழந்தை பணம்தானே, எங்கயும் போயிடாது.

சென்னைல ஐடி வேலை, தலைப்பிரசவம் அம்மா வீட்டுல, மன்னார்குடி. ஆபீஸ் இன்சூரன்ஸ் அங்க செல்லுமா?

செல்லும், ஆனா கேஷ்லெஸ்ஸுக்கு (நீங்க கட்டாம இன்சூரன்ஸே நேரா பில் கட்டுறது) உங்க அம்மா பாத்து வச்சிருக்கிற ஆஸ்பத்திரி அவங்க நெட்வொர்க்ல இருந்தாதான் சுலபம். ஏழாம் மாசத்துலயே செக் பண்ணுங்க, வளைகாப்பு முடிஞ்சு போனப்புறம் இல்ல. நெட்வொர்க்ல இல்லன்னா முழு பணமும் நீங்க கட்டிட்டு அப்புறம் கிளைம் பண்ண வேண்டி வரலாம், அப்போ ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஒண்ணு விடாம வாங்கி வச்சுக்கங்க. ரூம் வாடகை லிமிட்டையும் பாத்துக்கங்க. லிமிட் 4,000 இருக்க 6,000 ரூம் எடுத்தா அந்த 2,000 மட்டும் போகும்னு நினைப்போம், பல பாலிசில டாக்டர் ஃபீஸ் உள்பட மத்த பல செலவையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்க. குழந்தை பேரை பாலிசில சேக்கச் சொல்லி எச்ஆருக்கு மெயில் போடுற வேலையை உங்க வீட்டுக்காரர்கிட்ட இப்பவே ஒப்படைச்சிடுங்க, அதுக்கு கெடு உண்டு.

திருப்பூர் பனியன் கம்பெனில வேலை, மாசம் 14,000. இப்ப 5 மாசம். சேமிப்புன்னு ஒண்ணும் இல்லக்கா, பயமா இருக்கு.

பயப்படாதம்மா. சம்பளத்துல இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறாங்களா பாரு. பிடிச்சா பிரசவம் இஎஸ்ஐல பாத்துக்கலாம், அதோட 26 வாரம் முழு சம்பளம் உண்டு, பிரசவத்துக்கு முந்தின ரெண்டு கான்ட்ரிபியூஷன் பீரியட்ல (பணம் பிடிக்கிற ஆறு ஆறு மாச கணக்கு) 70 நாள் பணம் கட்டியிருக்கணும். இடையில கம்பெனி மாறியிருந்தாலும் இஎஸ்ஐ நம்பர் அதேதான், புதுசா போட விடாத.

கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா சிசேரியன் உள்பட மருந்து, டெஸ்ட், ரத்தம், சாப்பாடு எல்லாமே இலவசம், குழந்தைக்கு ஒரு வயசு வரைக்கும் வைத்தியமும் இலவசம், இது மத்திய அரசு திட்டத்துலயே இருக்கு. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000, அதுல 14,000 பணம், மீதி ஊட்டச்சத்து பெட்டகம். நர்ஸம்மாகிட்ட பிக்மி நம்பர் (கர்ப்பத்தை பதிவு பண்ணி குடுக்குற நம்பர்) வாங்கிட்டியா? இல்லன்னா நாளைக்கே போ, குழந்தையோட பிறப்பு சர்டிபிகேட்டுக்கும் அது வேணும்.

மாமியார் 'குழந்தை வர்றதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரிக்குன்னு பணம் ஒதுக்காதீங்க, ஆகாது'ங்கறாங்க.

வாதாடாதீங்க. உங்க பேர்ல மாசம் 8,000 ஆர்டி போடுங்க, பாஸ்புக்ல எதுக்குன்னு யாரும் எழுதப் போறதில்ல. நகையை அடகு வைக்கிறதை கடைசி வழியா வச்சுக்கங்க, ஆனா ரசீது எங்க இருக்கு, எந்த பேங்க்ல வட்டி கம்மின்னு முன்னாடியே பாத்து வச்சிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோல போறப்ப அதையெல்லாம் தேடிட்டு இருக்க முடியாது.