பூஜையறையோடு நின்றுவிட வேண்டுமா மதம்?

அன்புள்ள சார்,

சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆடி மாதம் பூராவும் தெருவில் அம்மன் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஜெபக்கூட்ட மைக். ஆபீஸில் ஆயுத பூஜைக்கு ஆளுக்கு ஐந்நூறு வசூல், கொடுக்காவிட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஓனர் முதலில் கேட்பது மதத்தைத்தான். அவரவர் நம்பிக்கையை அவரவர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காதே? உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

மைக்கை முதலில் தள்ளிவைத்துவிடுவோம். அது சத்தம் பற்றிய பிரச்சினை, சட்டம் இருக்கிறது. சென்னையில் ஒரு ஜெபக்கூடம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே, அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. அம்மன் பாட்டுக்கும் அதே சட்டம்தான், புகார் கொடுங்கள்.

ஆனால் ‘வீட்டுக்குள் வைத்துக்கொள்’ என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் அது யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லோரும் கும்பிடும் சாமியைக் கும்பிடுகிறவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை, அவருடைய பண்டிகைக்கு எப்படியும் லீவு விடுகிறார்கள், அவருடைய மதத்தை யாரும் தனியாகக் கவனிப்பதுகூட இல்லை. ஒரு தலித் கிறிஸ்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். அப்புறம் 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான். சேரித் தெரு மாறவில்லை, பெண் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை, பல ஊர்களில் கல்லறையில்கூடத் தனி இடம்தான், ஆனால் சர்ச்சுக்குப் போனால் சான்றிதழ் மட்டும் மாறிவிடும்.

2024 நவம்பரில் வந்த ஒரு தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காக ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார், அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர், நான் இந்துதான், கோயிலுக்குப் போகிறேன் என்றார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு, குடும்பம் சர்ச்சுக்குப் போகிறதா என்ற விசாரணை எல்லாம் வழக்கில் வந்தன. கடைசியில் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதே செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. இந்து மதத்துக்குத் திரும்பியதாக வெளிப்படையான அறிவிப்போ சடங்கோ எங்கே என்பதும் நீதிமன்றத்தின் கேள்விகளில் ஒன்று. அந்தப் பெண்ணிடம் போய் உன் நம்பிக்கையை உன் வீட்டோடு வைத்துக்கொள் என்று நாம் எப்படிச் சொல்வது? அவர் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாலும் தாசில்தார் ஆபீஸ் விடாதே.

இன்னொன்றும் இருக்கிறது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தைத் தழுவினார். இந்துவாகச் சாக மாட்டேன் என்று 1935-இலேயே அறிவித்தவர், தன் வீட்டில் புத்தர் படத்தை மாட்டிக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊரறிய மாறியதால்தான் அதற்கு அர்த்தம், இழிவு ஊரறிய நடந்ததல்லவா? மனசாட்சிச் சுதந்திரத்தோடு மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தரும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவை நான் மதிப்பது இதனால்தான்.

சரி, உங்கள் வீட்டு ஓனருக்கு வருகிறேன். அங்கே நான் முழுக்க உங்கள் பக்கம். வாடகை ஒழுங்காக வருமா என்று கேட்கலாம், என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பதில் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை, அது பறிபோகக் கூடாது. ஆனால் பேச விரும்புகிறவரைப் பேசாதே என்பது வேறு விஷயம், அதற்கு என்னால் உடன்பட முடியாது.

ஆபீஸ் வசூலுக்கும் இதுதான். விருப்பமில்லை என்று நேராகவே சொல்லுங்கள். மறுத்ததற்காக வேலையில் குடைச்சல் கொடுத்தால் மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் விபூதி பூசி வருவதையும், இன்னொருவர் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய் வருவதையும் மட்டும் அந்தப் புகாரில் சேர்க்காதீர்கள்.