மேட்டுப்பாளையம் ஃபாரஸ்ட்ரியை முதல் விருப்பமாகப் போடுங்கள்

திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கும் குடும்பம். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் சீட் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்து 35 லட்சம் கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறார் பெரியப்பா. “பிள்ளைக்கு மரம், செடி, மேப் என்றால்தான் உயிர். அதெல்லாம் ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?” என்று அம்மா எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. அதற்காக, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்ப மாட்டேன். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். 35 லட்சத்துக்கு 10.5% வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 47,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அங்கே படிப்பும் பயிற்சியும் முடித்துத் திரும்பியதும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக வேலை செய்யத் தேற வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதில் 100 பேர் எழுதினால் பெரும்பாலும் 30 பேர்கூடத் தேறியதில்லை. தேறியவர்களும் இங்கே ஒரு வருடப் பயிற்சி முடித்தாக வேண்டும். பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை. பிள்ளையும் டாக்டராக வேண்டும் என்று எங்கேயும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் எல்லாம் ஏற்கெனவே உங்கள் காதில் விழுந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: துணிக்கான மரம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் வேலை. அது உங்கள் தையல் மேசையிலேயே இருக்கிறது.

நீங்கள் தைக்கும் விஸ்கோஸ், மோடால் துணி மரத்திலிருந்து வருகிறது. யூகலிப்டஸ் போன்ற மரத்தைச் சீவி, வேகவைத்து, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும் மற்றதையும் நீக்கி, கிட்டத்தட்ட வெறும் நார்ப்பொருளான செல்லுலோஸாக எடுப்பதுதான் கரைகூழ். அதைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, நுண்துளை வழியே அமிலத்தில் பீய்ச்சினால் இழை. கர்நாடகத்தில் துங்கபத்திரைக் கரையில், ஹரிஹர் பக்கத்தில் இந்தக் கூழ் தயாராகிறது. நம் சிறுமுகையிலும் ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது. பவானி ஆற்றில் கழிவு கலந்த பிரச்சினையை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறக்கவில்லை.

வெளிநாட்டு பையர்கள் இப்போது துணியின் தரத்தோடு சேர்த்து, இந்த மரம் எந்தக் காட்டில் வெட்டியது என்றும் கேட்கிறார்கள். பழமையான இயற்கைக் காட்டையோ, மக்கிய தாவரங்கள் படிந்த கரிச் சதுப்பு நிலத்தையோ அழித்து வந்த மரமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. கனடாவின் கேனோபி அமைப்பு 2013-ல் கேனோபிஸ்டைல் என்ற இயக்கத்தைத் தொடங்கி, விஸ்கோஸ் உற்பத்தியாளர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்த மரமும் மரக்கூழும் அங்கே நுழைய முடியாது என்பது அதன் சாரம். ஆடைகள் அந்தப் பட்டியலில் இல்லை, அமலுக்கு வரும் தேதியும் தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் பெரிய பிராண்டுகள் சட்டத்துக்குக் காத்திருக்காமல் கேள்வி கேட்கின்றன. தோட்டம், ஆலை, பில் மூன்றும் தெரிந்து அதற்குப் பதில் சொல்ல ஆட்கள் குறைவு.

அந்த வேலையில் என்ன செய்வார்கள் என்று சொன்னால்தான் பிள்ளைக்குப் பொருந்துமா என்று தெரியும். முதலில் நிலம். கூழுக்கு மரம் கொடுக்கும் விவசாயியின் பட்டா, சிட்டா, கர்நாடகமென்றால் பஹணி என்ற நில ஆவணம், எல்லாம் சரிபார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். எடுக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லை முழுவதையும் வரைய வேண்டும், அதற்குக் குறைவென்றால் ஒரு புள்ளி போதும், தசமத்துக்குப் பின் 6 இலக்கம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றி எழுதுவது. நம் கோவைப் பக்கத் தோட்டம் 11 வடக்கு, 77 கிழக்கு. மாற்றி எழுதினால் அந்தத் தோட்டம் நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். கோப்பில் அது வெறும் எண், மேப்பில் போட்டுப் பார்ப்பவருக்குத்தான் கண்ணில் படும். பழைய செயற்கைக்கோள் படத்தை வைத்து அந்த இடத்தில் முன்பு காடு இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். மேப் பிடித்த பிள்ளைக்கு இது வேலையாகவே தெரியாது.

அடுத்தது கணக்கு. ஒரு டன் கரைகூழுக்குக் காய்ந்த மரம் ஏறக்குறைய இரண்டரை டன் வேண்டும். வெட்டிய பச்சை மரத்தில் பாதி தண்ணீர் என்பதால் ஐந்து டன் என்று வையுங்கள். நன்றாக விளைந்த தோட்டம் ஒரு ஏக்கருக்கு 40 டன் தந்தால் எட்டு டன் கூழ், கிட்டத்தட்ட அதே அளவு இழை. நூற்பு, பின்னல், கட்டிங் சேதாரம் போக சுமார் 40,000 டி-ஷர்ட். தணிக்கையாளர் இதையே பின்பக்கமாகப் போட்டுப் பார்ப்பார். ஒரு ஏக்கரிலிருந்து 100 டன் வந்ததாக பில் இருந்தால், பக்கத்து நிலத்து மரமோ எங்கிருந்தோ வந்த மரமோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, மரம் முதல் ஆடை வரை சரக்கு கைமாறும் சங்கிலி. 1993-ல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. என்ற வனச் சான்றிதழில், சரக்கைத் தன் பெயரில் வாங்கி விற்கும் ஒவ்வொருவரிடமும் சங்கிலிச் சான்றிதழ் இருக்க வேண்டும். கூழ் ஆலை, இழை ஆலை, நூல் மில், துணி, கார்மென்ட்ஸ் என்று எல்லாரிடமும் இருந்து, நடுவில் ஒரு நூல் வியாபாரி மட்டும் சான்றிதழ் இல்லாமல் தன் பெயரில் பில் போட்டால், அதற்குப் பிறகு வரும் டி-ஷர்ட்டில் எஃப்.எஸ்.சி. என்று அச்சடிக்க முடியாது. திருப்பூரில் சங்கிலி பெரும்பாலும் இங்கேதான் அறுகிறது. உங்களைப் போல ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குச் சரக்கு சொந்தமில்லை, அதனால் கொடுப்பவர் தன் சான்றிதழின் கீழ் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும். அந்த ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் தணிக்கையில் மாட்டுகிறவர்கள் உண்டு. பில்லில் சான்றிதழ் எண்ணும், 100% சான்றளித்ததா, கலப்பா என்ற வாசகமும் இருந்தே ஆக வேண்டும். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும், வருடா வருடம் தணிக்கை உண்டு. பெரிய குறை என்றால் மூன்று மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு நுழைவாயில் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.எஸ்சி. ஃபாரஸ்ட்ரி, பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை, நீட் தேவையில்லை. அரசுக் கட்டணம், வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கும். மரம் வளர்ப்பு, மண், மர அளவீடு, தொலையுணர்வு, வனச் சட்டம் எல்லாம் பாடத்தில் வரும். காகித ஆலைகளோடு சேர்ந்து சவுக்கு, யூகலிப்டஸ் ஒப்பந்தச் சாகுபடியில் வேலை செய்யும் கல்லூரி அது. எம்.டி.பி. 1 சவுக்கு ரகம் அங்கிருந்துதான் வெளிவந்தது. பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% இட ஒதுக்கீட்டில் கட்டாயம் விண்ணப்பியுங்கள். நீட்டுக்காக இரண்டு வருடம் போய்விட்டதால், வயது வரம்பையும் பாடத் தகுதியையும் இந்த வருட விவரக் குறிப்பேட்டில் இன்றைக்கே பாருங்கள். அங்கே தவறவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. விருப்பப் பட்டியலில் கடைசி வரிசையில் போட வேண்டாம், முதலில் போடுங்கள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜவுளித் துறை வளாகத்துக்கே வந்து அழைத்துப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வேலை அநேகமாகக் காகித அல்லது கூழ் ஆலையின் தோட்டப் பிரிவில், வெயிலில் வண்டி ஓட்டி விவசாயிகளைப் பார்ப்பது. சம்பளம் சுமார்தான். இரண்டு மூன்று வருடம் அதைத் தாங்கினால்தான் பில்லில் உள்ள 100 டன் பொய் என்று கண்ணால் பார்த்தே சொல்ல வரும். வேலைக்குச் சேரும்போது தங்குமிடம், வண்டி, தனியாகப் போகும் பாதை பற்றி நேராகக் கேட்டுக்கொள்ளட்டும், அதில் கூச்சம் வேண்டாம். பிறகு சான்றளிப்பு நிறுவனங்கள், ஏற்றுமதி நிறுவனங்களில் சுற்றுச்சூழல் பொறுப்பைக் கவனிக்கும் நிலைத்தன்மைப் பிரிவு என்று நகரலாம். படிக்கும்போதே க்யூஜிஐஎஸ் பழகட்டும், அது மேப் போடும் இலவச மென்பொருள். தணிக்கை அறிக்கை ஆங்கிலத்தில்தான், அதனால் வாரம் ஒரு பக்கமாவது எழுதிப் பழக வேண்டும். லட்சக்கணக்கில் பணம் கேட்டு “சஸ்டெயினபிலிட்டி டிப்ளமோ” விற்கிறவர்களிடம் போகாதீர்கள். தணிக்கையாளர் பயிற்சியை வேலை கொடுக்கும் நிறுவனமே தரும்.

மேட்டுப்பாளையத்தில் இடம் கிடைக்காவிட்டால், அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியலோ வேதியியலோ எடுத்து, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்சி. ஃபாரஸ்ட்ரிக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்கும் தனிக் கடைசித் தேதி உண்டு. இரண்டையும் சேர்த்தே போட்டு வையுங்கள்.