பாறையில் வாயு இருந்தால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற துளையிடும் பொறியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஷேல் எரிவாயு அமெரிக்காவைத் தலைகீழாக மாற்றிவிட்டது என்கிறார்கள். போலந்திலும் அதே பாறை இருந்ததே, அங்கே ஏன் ஒன்றும் நடக்கவில்லை? (வாசகர், திருச்சி)

ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய பாறை; அதைப் பிளந்தால்தான் உள்ளே சிக்கிய வாயு வெளிவரும். அந்தப் பாறையைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். பாறைக்கு மேலே உள்ள நிலம் யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை!

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரைச் சுற்றியிருக்கும் பார்னெட் ஷேலில் எரிவாயுத் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல் 1981இல் முதல் கிணற்றைத் தோண்டினார். சிகாகோவுக்குப் போகும் குழாய்க்கு வாயு தருவதாக அவர் ஒப்பந்தம் போட்டிருந்தார். பழைய வயல்களோ வற்றிக்கொண்டிருந்தன. எடுக்கக் கடினமான வாயுவுக்கு 1980 முதல் வரிச்சலுகையும் கிடைத்தது. ஆனாலும் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் கையைக் கடித்த தொழில் அது. பாறையைப் பிளக்க விலை கூடிய கூழ்க் கலவையைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் அவருடைய பொறியாளர்கள் கூழைக் கைவிட்டு, பெருமளவு தண்ணீரையும் கொஞ்சம் மணலையும் செலுத்திப் பார்த்தார்கள். 1998 வாக்கில் அது பலித்தது. ரிக்கில், அதாவது துளையிடும் கோபுரத்தில், சேற்றுக் கலவையோடு காலம் தள்ளியவன் நான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2002இல் நிறுவனம் டெவன் எனர்ஜியிடம் கைமாறியது. அவர்கள் பாறைக்குள் கிடைமட்டமாகத் துளையிடும் முறையையும் சேர்த்துக்கொண்ட பிறகே உற்பத்தி பாய்ந்தது.

இப்போது நிலத்துக்கு வருவோம். டெக்சாஸில் பூமிக்கு அடியில் இருப்பதும் தனியார் சொத்து. அந்த உரிமை கையில் இருப்பவர் குத்தகைக்கு விட்டால், விற்கும் வாயுவில் எட்டில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பங்கு கிடைக்கும். எனவே ரிக் வந்து நின்றால் அவர் வரவேற்பார். போலந்தில் அடிநிலம் அரசுடையது. லாரியும் இரைச்சலும் விவசாயிக்கு, வருமானம் அரசுக்கு.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மைதான். ரஷ்ய வாயுவிலிருந்து விடுபட வேண்டும் என்று போலந்து அரசு உண்மையிலேயே துடித்தது. ஆனால் 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அங்கே எடுக்கக்கூடிய ஷேல் வாயு 5.3 லட்சம் கோடி கனமீட்டர் என்று மதிப்பிட்டதை, அடுத்த ஆண்டே போலந்து நிலவியல் நிறுவனம் 34,600 கோடிக்கும் 76,800 கோடிக்கும் இடையில்தான் இருக்கும் என்று வெட்டிவிட்டது. துளையிட்ட கிணறுகளும் ஏமாற்றின. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களில் எக்ஸான் மொபில் 2012இல் வெளியேறியது, செவ்ரான் 2015இல்.

ஷேல் கிணறு மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி. முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கும் கீழே போவது சகஜம். அதனால் ஓயாமல் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ரிக், பம்பு லாரி, மணல், குழாய்வழி, கடன் தரும் வங்கி எல்லாம் பக்கத்திலேயே வேண்டும். டெக்சாஸில் அவை ஏற்கெனவே இருந்தன.

கேள்வி: வாயு மலிந்ததால் யாருக்கு லாபம்? (வாசகி, கோவை)

தோண்டியவர்களுக்கு அல்ல! பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு வாயுவுக்கு 2008 கோடையில் 12 டாலரைத் தாண்டிய அமெரிக்க மொத்த விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே விழுந்தது. மின்நிலையங்கள் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாறின. மிஞ்சியதைத் திரவமாக்கி 2016 முதல் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து கப்பலேற்றுகிறார்கள். அங்கிருந்து கெயில் நிறுவனம் நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கிய முதல் சரக்கு 2018இல் மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்தது.

கேள்வி: பாறையைப் பிளந்தால் நிலநடுக்கம் வருமா? (வாசகர், சேலம்)

வரும். ஆனால் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓக்லஹோமாவில் 2016இல் 5.8 அளவுக்கு ஏற்பட்ட நடுக்கத்துக்குக் காரணம், எண்ணெய், வாயுக் கிணறுகளிலிருந்து வெளிவரும் உப்புக் கழிவுநீரை ஆழத்தில் செலுத்திப் புதைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயரில் 2019 ஆகஸ்டில் வந்த 2.9 அளவு நடுக்கம் பாறையைப் பிளந்த கிணற்றிலிருந்தே வந்தது. நவம்பரில் அரசு அந்த முறையையே நிறுத்திவைத்தது.

கேள்வி: எங்கள் ஊரில் எதிர்த்தது இதைத்தானா? (விவசாயி, மன்னார்குடி)

இல்லை ஐயா. அது நிலக்கரிப் படுகை மீத்தேன். வேறு பாறை, வேறு முறை. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இரண்டையுமே புதிதாக எடுக்க 2020ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் தடை விதிக்கிறது. ஏற்கெனவே இயங்கிவந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அந்தத் தடை பொருந்தாது.