நாகர் வேறு, இவர்கள் வேறு

அன்புள்ள ஐயா,

ஒட்டுசுட்டானில் நாங்கள் ஐந்து பேர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டை விளையாடுகிறோம். கதைக்களத்தை வன்னிக்குக் கொண்டுவர விருப்பம். அதில் வரும், டிராகன் உருவம் கொண்ட மனிதரான டிராகன்போர்ன் இனத்துக்கு 'நாகர்' என்று பெயர் வைத்தேன். நண்பர் ஒருவர் அது பிழை என்கிறார். அந்த இனம் தன்னைப் படைத்த டிராகனைக் கும்பிடுமா? சடங்குகளை எப்படி அமைக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நண்பர் சொன்னது சரி. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் சனத்துக்கு நாகம் காவல் தெய்வம். டிராகனோ ஆளை அடிமை கொள்ளும் எசமான். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால், கொடுங்கோலனை வெறுக்க வேண்டிய இடத்தில் உங்கள் ஆட்டக்காரர் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள். தமிழ் விவிலியத்தில் 'வலுசர்ப்பம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை வாசிக்கும் குடும்பங்களுக்குப் பழக்கமான சொல், பயமும் கூடவே வரும். அதை எடுங்கள்.

கும்பிடுமா என்பதற்கு ஒரே பதில் இல்லை, ஏனென்றால் இந்த இனத்துக்குப் பிறப்புக் கதையே மூன்று. விளையாட்டு நூல்களில் 2006இல் வந்த வடிவத்தில் இவர்கள் பிறவியால் வருவதில்லை. வேறு இனத்தவர் பஹாமுட் என்ற நல்ல டிராகன் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு, முட்டைக்குள் அடங்கி மறுபிறப்பு எடுப்பார்கள். 2008இல் வந்த ஒரு தொன்மம், ஐயோ என்ற ஆதி டிராகன் தெய்வம் கோடரியால் பிளக்கப்பட்டபோது சிந்திய இரத்தத் துளிகளே இவர்கள் என்கிறது. (பெயர் உண்மையிலேயே 'ஐயோ'தான், மேசையில் யாராவது சிரிப்பார்கள், விட்டுவிடுங்கள்.) மூன்றாவது, ஏபெயர் என்ற உலகக் கதை: அங்கே இவர்கள் டிராகன்களின் அடிமைகள், கிளர்ந்து எழுந்து விடுபட்டவர்கள். பின்பு டைமாந்தர் என்ற நாட்டில் வாழும் அவர்களின் வழிவந்தவர்களுக்கு டிராகன் என்றால் பகை. தெய்வங்களிலும் பெரிய நம்பிக்கை இல்லை.

வன்னிக்கு மூன்றாவதுதான் பொருந்தும். வலுசர்ப்பம் தனக்குக் குளம் வெட்ட ஆள் வேண்டும் என்று இந்த இனத்தைப் படைத்தது என்று வையுங்கள். சர்ப்பம் போய்விட்டது. குளமும், தண்ணீர் திறக்கும் துருசும், மிகுநீர் வழியும் வானும் நிற்கின்றன. அவர்கள் கும்பிடுவதும் காப்பதும் குளத்தை, வெட்டச் சொன்னவனை அல்ல. 2014 விதிநூல் தரும் வளர்ச்சிக் கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. பொரித்த சில மணி நேரத்தில் பிள்ளை நடக்கும், 3 வயதில் பத்து வயதுப் பிள்ளையின் உடம்பு, 15இல் முழு ஆள், ஆயுள் ஏறக்குறைய 80. எசமானுக்கு வேலையாள் கெதியாகத் தேவைப்பட்டிருக்கிறான் என்று வாசித்துக்கொள்ளலாம். பெயரில் குலப்பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு. தகப்பன் பெயரை முன்னால் எழுதும் எங்களுக்கு இது விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சடங்கை மூச்சிலிருந்து தொடங்குங்கள். இந்த இனத்தார் டிராகனைப் போல வாயால் நெருப்பு, மின்னல் என்று கக்குவதைத்தான் மூச்சு என்கிறேன், எதைக் கக்குவார் என்பது நிறத்தைப் பொறுத்தது. பத்து நிறங்கள் உண்டு: சிவப்பு, பொன், பித்தளைக்கு நெருப்பு; நீலம், வெண்கலத்துக்கு மின்னல்; கறுப்பு, செம்புக்கு அமிலம்; வெள்ளி, வெள்ளைக்குக் குளிர்; பச்சைக்கு நஞ்சு. நெருப்புக் குலத்துப் பிள்ளையைக் கிடுகுக் கூரைக்குக் கீழே வளர்க்க முடியாது. ஆகவே அந்தக் குலத்தின் வீடு மண்சுவரும் ஓடுமாகத்தான் இருக்கும், கிடுகு வேலியும் இல்லை. குளிர்க் குலத்தாருக்கு முல்லைத்தீவுக் கரையில் மீன் பழுதாகாமல் காக்கும் வேலை. மின்னல் குலத்தார் தண்ணீருக்குள் நின்று மூச்சு விடுவது விலக்கு.

விதியில் ஒரு கோளாறும் உண்டு. 2014 கணக்கில் மூச்சு விட்டால் அந்தச் சுற்றில் வாளை ஓங்க முடியாது, ஓய்வெடுக்கும்வரை இரண்டாம் மூச்சும் இல்லை. முதல் நிலையில் எதிரிக்கு வரும் சேதம் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7 புள்ளி. அதனால் ஆட்டக்காரர் மூச்சையே மறந்துவிடுவார்கள். 2021இன் திருத்தத்தில் ஒரு வெட்டுக்குப் பதிலாக மூச்சு விடலாம், ஒரு பத்துமுகப் பகடை, நீண்ட ஓய்வுக்கு முன் தேர்ச்சிப் புள்ளி (நிலை ஏற ஏறக் கூடும் திறமை எண்) எத்தனையோ அத்தனை தரம். மூச்சைச் சுற்றிச் சடங்கு கட்டுவதென்றால் இதையே எடுங்கள்.

அடுத்தது முட்டை. விதிநூல் இதில் அதிகம் சொல்வதில்லை, எங்கள் குளங்களில் கிடக்கும் முதலையைப் பாருங்கள். மண்ணைத் தோண்டி ஒரு தடவைக்கு 25–30 முட்டை இடும், பொரிக்க இரண்டு மாதமளவில் ஆகும். சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது: 28–31 பாகை செல்சியஸில் எல்லாம் பெண், 32.5 அளவில் ஆண். ஆக, குழிக்கு மேல் நிழல் போடுவதா வெயில் விடுவதா என்பதே குலத்தின் பெரிய முடிவு. அதை எடுப்பவர் கிழவி ஒருத்தியாக இருக்கட்டும்.

குழி எங்கே வெட்டுவது? குளக்கட்டு மண் இதமான சூடு. ஆனால் குளக்கட்டில் வெட்டிய பொந்து வழியே தண்ணீர் கசிந்து, மண்ணை அரித்து, ஐப்பசி கார்த்திகையில் குளம் நிரம்பும்போது குளக்கட்டையே கொண்டுபோகும். குளத்தின் நீர் ஏறும் அலைகரையில் வெட்டினால் முட்டை நீருக்குள். மேட்டில் வெட்டினால் உடும்பு தின்னும். ஒரு குலம் இரவோடு இரவாகக் குளக்கட்டில் குழி வெட்டிவிட்டது, காலையில் குளத்துத் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை வந்து நிற்கிறார். முதல் ஆட்டத்தை அங்கே தொடங்குங்கள்.