சீன மாணவர்களும் ஆங்கில 'தி'யும்: கேள்வி-பதில்

கேள்வி: ஷாங்காய் மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் எடுக்கிறேன். விதியெல்லாம் ஒப்பிக்கிறார்கள், கட்டுரையில் மட்டும் 'எ', 'தி' பாதி இடத்தில் காணோம். கவனக்குறைவுதானே?

இல்லை, அப்படிச் சொல்லித் திட்டிவிடாதீர்கள். தமிழைப் போலவே சீனத்திலும் 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது. ஏற்கெனவே தெரிந்ததா, புதியதா என்று காட்டும் அந்த வேலையில் ஒரு பங்கைச் சொல்வரிசை பார்த்துக்கொள்கிறது. 'கெரென் லாய் லெ' என்றால் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார். 'லாய் கெரென் லெ' என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். சொற்கள் அதேதான், இடம்தான் மாறுகிறது. சீனர்கள் பேசும் ஆங்கிலத்தை ஆராய்ந்து டேனியல் ராபர்ட்சன் 2000இல் எழுதிய கட்டுரையும் இதையொட்டியதுதான்: எந்தப் பொருள் என்பது முன்பேச்சிலிருந்தே தெளிவாக இருந்தால் ஆர்ட்டிகிளை விட்டுவிடுகிறார்கள். அதனால் கோடிட்ட இடத்தை நிரப்பும் தனி வாக்கியப் பயிற்சி அவ்வளவாக உதவாது. முழுப் பத்தியைக் கொடுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று, "எதைச் சொல்கிறேன் என்று வாசிப்பவருக்கு இப்போது தெரியுமா?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு மாணவி இதற்கு நேர்மாறு. 'தி சொசைட்டி', 'தி நேச்சர்' என்று எல்லாவற்றுக்கும் 'தி' போடுகிறாள்.

விட்டுவிடுவோமோ என்ற பயமாக இருக்கும். 'வித் தி டெவலப்மென்ட் ஆஃப் சொசைட்டி' என்று சீன மாணவர்களின் கட்டுரைகள் அடிக்கடி தொடங்கும், அவளும் எழுதியிருப்பாள். அதையே பாடமாக்குங்கள். எதன் வளர்ச்சி என்பது பின்னாலேயே வருவதால் டெவலப்மென்டுக்கு 'தி'. சமுதாயம் பொதுவாக நிற்பதால் சொசைட்டிக்கு ஒன்றும் வேண்டாம்.

கேள்வி: 'ஆன் அட்வைஸ்', 'எ ஃபர்னிச்சர்' எப்படித் திருத்துவது?

சீனத்தில் எதை எண்ணினாலும் நடுவில் ஓர் அளவுச்சொல் வரும். ஒரு புத்தகம் 'யி பென் ஷூ', ஓர் ஆலோசனை 'யி தியாவ் ஜியன்யி'. எண்ணக்கூடியதா இல்லையா என்பது அங்கே பெயர்ச்சொல்லைப் பார்த்தால் தெரியாது. ஆங்கிலத்திலோ 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' எண்ண முடியாதவை, நேராக 'எ', 'ஆன்' ஒட்டாது. 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று எழுதி, 'தியாவ்' செய்யும் வேலையை இங்கே 'பீஸ்' செய்கிறது என்று காட்டுங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் திருத்தலாமா?

வேண்டாம், பிள்ளைகள் எழுதவே பயப்படுவார்கள். முதலில் ஒன்றே ஒன்று: 'ஐ பாட் புக்' மாதிரி, எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் வெறுமனே நிற்பது. 'எ', 'தி', 'மை' என்று ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். 'பை பஸ்', 'அட் ஸ்கூல்' போன்ற சில தொடர்கள்தான் விலக்கு. இது பழகட்டும்; 'எ'யா 'தி'யா என்பதை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.